இழுத்து வரும் வண்டிக்கும் எஃப்.சி. வேண்டும்

தேவிபட்டினம்
வைகாசி 12

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கைப்பட எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் கருவாட்டுக் குழம்பு வைத்து, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். பேச்சுக்கு நடுவில் உன் பேர் நாலைந்து தடவை வந்துவிட்டது. கடிதம் எனக்கு எழுதினால் போதும், அவர்களுக்குப் போன் பண்ணு.

தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15ல் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்பதால் பட்டறையில் தலை நிமிர நேரமில்லை. மண்டபத்தில் இருந்தும் சோழியகுடியில் இருந்தும் வேலை வருகிறது. கண் எரிச்சலோடுதான் ராத்திரி படுக்கிறேன். அதனால்தான் பதில் தாமதம்.

நீ அனுப்பிய கேரவன் படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். "வீட்டையே காரில் கட்டி இழுத்துட்டுப் போறாங்களா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். தங்கச்சி அடுப்பு முன்னால் நின்று சிரிக்கிற படம் ரொம்ப நன்றாக இருக்கிறது. பன்னிரண்டு வருடப் பழைய வண்டி என்றாலும் உள்ளே பளிச்சென்று வைத்திருக்கிறீர்கள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இங்கிலாந்தில் கார் மூன்று வயதைத் தாண்டினால் வருடா வருடம் சோதனைக்குக் காட்ட வேண்டும், அதன் பின்னால் இழுக்கும் கேரவனுக்கோ சின்ன டிரெய்லருக்கோ அப்படி எதுவும் கிடையாது என்று எழுதியிருந்தாய். வைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், வருடத்துக்கு மூன்று வாரம் ஓடுகிற வண்டிக்கு அது வீண் செலவு என்பது உன் எண்ணம். முப்பது வருடமாக டிரெய்லர் செய்கிறவன் என்று என்னைக் கேட்டாய். மாப்பிள்ளை, கட்டாயம் வேண்டும். போன பங்குனிக்கு முன்னால் கேட்டிருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருப்பேனா, தெரியாது.

பங்குனியில் ஒரு மீன் வியாபாரி ஐஸ் பெட்டி வைத்த டிரெய்லரை டிராக்டரில் மாட்டிக் கொண்டு வந்தார். கொக்கிப் பக்கம் ஒரு கீறல் தெரிகிறது, ரெண்டு பொட்டு வெல்டிங் வைத்துக் கொடுங்கள், சாயந்தரம் லோடு இருக்கிறது என்றார். வண்டிக்குப் புதுசாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தது. டிராக்டரோடு மாட்டும் முன்சட்டம் இருக்கிறதே, மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் மாதிரி, அதைச் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு மணி மாதிரிப் பேசும். இது 'டப்'பென்றது. தட்டிக்கொண்டே போனேன், ஒரு முழ நீளத்துக்கு அதே சத்தம். திருப்புளியை வைத்து அமுக்கினால் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் துரு அப்பளத் துண்டு மாதிரிக் கையில் உதிர்ந்தது. ஐஸ் கரைந்த தண்ணீரும் உப்பும் மீன் இரத்தமும் வருடக்கணக்காக அந்தச் சட்டத்துக்குள் இறங்கியிருக்கிறது. மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தால் என்ன?

அப்புறம் டிராக்டரையும் டிரெய்லரையும் கோக்கிற இரும்பு ஆணியை, பின் என்போமே, அதைக் கழற்றிப் பார்த்தேன். அது பின்னே இல்லை. கட்டடத்துக்குப் போடுகிற கம்பியில் ஒரு துண்டு. உரசி உரசி நடுவில் இடுப்பு விழுந்து கிடந்தது. மேலே கழன்று வராமல் இருக்கக் கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். பாதுகாப்புச் சங்கிலி கிடையாது. முன்சட்டத்தை வெட்டி எடுத்துப் புதுசு போட வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றேன். அவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூர்ப் பக்கம், அது கழன்றுவிட்டது. ஓரமாகக் கூடையோடு நடந்து போன ஒரு பெண்ணின் பாதத்தில் சக்கரம் ஏறியது. நம் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர்தான். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னும் வியாபாரத்துக்கு வரவில்லை. வியாபாரி மோசமான ஆள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் பார்த்தார். டிராக்டர் ஓட்டிய பையன் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை: "பாரம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அப்புறந்தான் திரும்பிப் பார்த்தேன்."

அந்த வண்டியை நான் திருப்பி அனுப்பினேன். அதற்கு மேல் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஓட்டக்கூடாது என்று சொல்கிற ஆள் வேறு ஒருவர் இருந்திருக்க வேண்டும். இதை நினைத்துத் தூக்கம் கெட்ட ராத்திரிகள் உண்டு.

எஞ்சின் உள்ள வண்டி தன் நோவைத் தானே சொல்லிவிடும். சத்தம் மாறும், ஸ்டியரிங் இழுக்கும், பிரேக் மிதித்தால் காலுக்குத் தெரியும். பின்னால் இழுபட்டு வருவதற்கு வாய் கிடையாது. அப்பா உப்பு வண்டி ஓட்டிய காலம் உனக்கு நினைவிருக்கும். விடியும் முன் மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் குனிந்து கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார், அச்சுக்கு வண்டி மை போடுவார். ஒரு நாள் கூடத் தவறியதில்லை. இப்போது டிராக்டர் சீட்டில் உட்கார்கிறவன் பின்னால் போய்க் குனிவதே இல்லை. காரில் ஏசி போட்டுக்கொண்டு ஓட்டுகிறவன் மட்டும் குனிவானா, சொல்.

ஓடுவது கொஞ்சம்தானே என்கிறாய். நின்று கிடப்பதுதான் அதைக் கெடுக்கிறது. வள்ளத்தைக் கரையில் வெயிலில் போட்டு வைத்தால் பலகை காய்ந்து இணைப்பு விரிகிறதா இல்லையா? அப்படித்தான். வீட்டு வாசலில் பதினோரு மாதம் நிற்கிற கேரவனின் டயர் ஒரே இடத்தில் பாரத்தைத் தாங்கி, வெயிலும் குளிரும் பட்டு, பக்கவாட்டில் கோடை கண்மாய் மாதிரி வெடித்துவிடும். மேல் பட்டன் மட்டும் தேயாமல் புதுசு போலவே இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். டயரின் பக்கத்தில் நான்கு எண் அச்சடித்திருக்கும், தேடிப் பார். 2316 என்று இருந்தால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. வண்டிக்குப் பன்னிரண்டு வயது என்றால் டயருக்கு எத்தனை வயது என்று உனக்குத் தெரியுமா?

உங்கள் ஊரில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கார் வேகம் குறைந்ததும் பின்னால் வருவது முன்னால் நெட்டும், அந்த நெட்டலே கேரவனின் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும். கழன்று போனால் தானே பிரேக்கைப் பிடித்துவிட்டு அறுந்துகொள்ளும் கம்பியும் உண்டு. எவ்வளவு அழகான யோசனை! இங்கே நான் பார்க்கிற டிராக்டர் டிரெய்லரில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. ஆனால் அந்த நெட்டும் தண்டு துருப்பிடித்து இறுகிவிட்டால்? காரின் பிரேக் நன்றாக இருக்கிற வரை உனக்குத் தெரியவே தெரியாது. ஒரு மழை நாளில், இறக்கத்தில்தான் தெரியும்.

2014 ஜனவரியில் பிரிஸ்டல் நகரத்தில் நடந்ததை நீதான் எழுதினாய். இரண்டு டன் டிரெய்லர் வண்டியில் இருந்து கழன்று, நடைபாதையில் போய்க்கொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளை போய்விட்டது. அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு 2018ல் ஒரு சட்டம் வந்து, வெளிநாடு போகிற வணிக டிரெய்லர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கி, மற்றவற்றுக்கும் பதிவும் சோதனையும் வேண்டுமா என்று அரசாங்கம் ஆராயச் சொன்னதாம். உன் கேரவனைப் பார்க்க இன்று வரை ஆள் வரவில்லை. 2012ல் ஐரோப்பிய ஆணையம் சின்ன டிரெய்லர்களையும் சோதனைக்குள் கொண்டுவரப் பார்த்தது, 2014ல் வந்த விதியில் மூன்றரை டன்னுக்கு மேற்பட்டவை மட்டும்தான் மிஞ்சின. ஆனால் ஜெர்மனியில் உன் தம்பியின் கேரவனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனை நடக்கிறது. நியூசிலாந்திலும் கேரவனுக்குச் சான்று இல்லாமல் சாலையில் ஏற முடியாது. அவர்களும் விடுமுறைக்குப் போகிறார்கள், அவர்கள் சந்தோஷம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விபத்துக்குப் பாதிக் காரணம் பாரம் ஏற்றுவதுதான் என்றாயே, அதைச் சோதனை தடுக்காது. பாரம் பின்பக்கம் போய்விட்டால் வண்டி பாம்பு மாதிரி நெளியும், அதுவும் கடல் காற்றில். பாம்பனில் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது. பக்கத்தில் 1988ல் திறந்த சாலைப் பாலத்தில் ஐஸ் பெட்டி டிரெய்லர் அதே காற்றில் ஆடிக்கொண்டு போகும். அதற்கு ஓட்டுகிறவனுக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊரில் கேரவன் இழுப்பதற்கு இருந்த தனி ஓட்டுநர் தேர்வையும் 2021 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள் என்றால், வண்டியையாவது பார்க்க வேண்டாமா?

நம் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். லாரிக்கும், வாடகைக்குச் சரக்கு ஏற்றும் டிரெய்லருக்கும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று உண்டு. புது வண்டிக்கு இரண்டு வருடம், எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். விவசாய டிராக்டரை 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் போக்குவரத்து அல்லாத வாகனம் என்று ஒதுக்கியிருக்கின்றன. அதாவது பதிவு முடியும் பதினைந்து வருடம் வரை யாரும் பார்க்க வேண்டியதில்லை. உழவனுக்குச் சுமை வைக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் பின்னால் போகிற பெட்டி நெல்லையா ஏற்றுகிறது? கரிமூட்டக் கரி, வாலிநோக்கம் உப்பு, செங்கல், மீன், குடிதண்ணீர். ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஐந்து டன், மாப்பிள்ளை, இரும்பு எடையைச் சேர்க்காமல். அதுவும் பாதி டேங்க் என்றால் தண்ணீர் அலைந்து வண்டியையே தள்ளும். இந்த உப்புக் காற்றில் இரும்புக்குப் பதினைந்து வருடம் என்பது ஒரு ஆயுள்.

முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதே தடைக்காலத்தில் மீன்வளத் துறைக்காரர்கள் துறைமுகத்துக்கே வந்து விசைப்படகுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். பதிவு எண், நீளம், எஞ்சின், பாதுகாப்புச் சாமான் எல்லாம். ஆய்வுக்குக் காட்டாத படகுக்கு மானிய டீசல் நிற்கும், அதனால் எல்லோரும் காட்டுகிறார்கள். டிரெய்லருக்கும் அப்படி ஊர் ஊராக ஒரு நாள் வைக்கலாம். சாயல்குடிக்காரனையும் தொண்டிக்காரனையும் வேலையைப் போட்டுவிட்டு ராமநாதபுரத்துக்கு வா என்றால் வர மாட்டான், நடுவில் புரோக்கர்தான் பிழைப்பான். கொக்கிப் பின், முன்சட்டம், சங்கிலி, சக்கர பேரிங், டயர், பின் விளக்கு, சிவப்பு ஒளிர் பட்டை, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் போதும். கூப்பிட்டால் என் சுத்தியலோடு நான் சும்மாவே வந்து நிற்பேன். பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லிவிட்டேன், மனுவும் எழுதி வைத்திருக்கிறேன். டிரெய்லர் வைத்திருக்கிற பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அந்த மீன் வியாபாரியுடையது.

ஒன்று விட்டுப்போய்விட்டது, அடுப்பு. 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தில் லக்னோவில் இருந்து வந்த சுற்றுலாப் பெட்டி எரிந்ததே, உள்ளே திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். ஒன்பது பேர் போனார்கள். உன் வண்டியில் தங்கச்சி சமைப்பதும் அதே மாதிரி அடைத்த பெட்டிக்குள்தான். பன்னிரண்டு வருட ரப்பர் குழாயை மாற்றினாயா? ஜெர்மனியில் கேஸ் இணைப்பையும் தனியாகப் பார்க்கிறார்கள் என்று உன் தம்பி சொன்னான்.

அடுத்த பயணம் ஜூலையில் என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் டயர் எண், கொக்கி, அதன் அடிப்பக்கம், கேஸ் குழாய் நான்கையும் கிட்டே வைத்துப் படம் எடுத்துப் போனில் அனுப்பு. கொக்கியைத் துடைத்துவிட்டு எடு, கிரீஸோடு எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு சின்ன சுத்தியலால் சட்டத்தைத் தட்டி அந்தச் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்பு, நான் கேட்டுச் சொல்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். நெத்திலிக் கருவாடு காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள் உன் அக்கா, ஊருக்கு வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல், கொடுத்து அனுப்புகிறேன்.

உன் மச்சான்