கதவுக்குள் தங்கிவிடும் கண்ணாடித் துகள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஓர் இரவு, யாரோ என் காரின் பின்கதவுக் கண்ணாடியை உடைத்து, உள்ளிருந்த பையைத் திருடிச் சென்றுவிட்டனர். பறிபோன பையைவிட, பின்னர் நடந்த பழுதுபார்ப்பே எனக்கு அதிக வேதனை தந்தது.

முன்கண்ணாடி இரு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டிருப்பதால் விரிசலோடு நிற்கும். பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடியோ சூடாக்கி உடனே குளிரவைத்து உறுதியாக்கப்பட்டது என்பதால், ஓரிடத்தில் உடைந்தாலே முழுவதும் கற்கண்டுபோல் நொறுங்கி, இருக்கையிலும் கதவின் உட்கூட்டிலும் கொட்டிவிடுகிறது. என் காரைப் பழுதுபார்த்தவர் புதிய கண்ணாடியைப் பொருத்தினாரே தவிர, கதவுக்குள் குவிந்திருந்த துகள்களை உறிஞ்சி எடுக்கவில்லை. சில நாள்களிலேயே கண்ணாடியை இறக்கும்போதெல்லாம் கரகரவென ஓசை எழுந்தது. அதில் நெடுக்காகக் கீறல்கள் விழுந்தன. மழை பெய்தபோது கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டு நீர் தேங்கியது. மீண்டும் கதவின் உள்பலகையைக் கழற்றியபோது இரு கை நிறையத் துகள்கள் வந்தன. குழந்தையின் இருக்கை மடிப்பிலும் சில கிடந்ததைக் கண்டு பதறிப்போனேன்.

இத்தகைய நிலைக்கு ஆளாவோர், எதையும் தொடுமுன் படம் எடுத்து, காவல்துறையில் புகார் அளித்து, காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவித்துவிட வேண்டும். பழுதுபார்ப்பு நிலையத்தார், உள்பலகையை மூடுவதற்கு முன், சுத்தம் செய்த கதவின் உட்புறத்தையும், நீர் புகாமல் தடுக்கும் படலம் திரும்ப ஒட்டப்பட்டிருப்பதையும் உரிமையாளருக்குக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்