எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மதுரையைப் பார்க்க ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

போன வருஷம் நம் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேச முன்னாள் மாணவர்களான எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சுவாக்கில், “மதுரைக்குப் போனவங்க எல்லாம் கை தூக்குங்க” என்றோம். வகுப்பில் இருந்த 38 பேரும் தூக்கினார்கள். சந்தோஷம். எதற்குப் போனீர்கள் என்று கேட்டோம். பாதிப் பேர் சொன்ன பதில், பெரியாஸ்பத்திரி. மற்றவர்கள் தீபாவளிக்குத் துணி எடுக்க, அத்தை கல்யாணத்துக்கு நகை எடுக்க, மாட்டுத்தாவணியில் இறங்கி வேறு ஊருக்குப் பஸ் மாற, சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க. மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போனவர்கள் பத்துப் பேர் தேறுவார்கள். நாயக்கர் மகாலுக்குள் கால் வைத்தவர்கள் நான்கு பேர். கீழடிக்குப் போனவன் ஒரே ஒருவன். அவனும் அந்தப் பக்கம் வேலையாகப் போன மாமாவின் டூவீலரில் ஒட்டிக்கொண்டு போனவன்.

மேலூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். டில்லியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஊர். நம் பிள்ளைகளுக்கு அது ஆஸ்பத்திரியும் பஸ் ஸ்டாண்டும். இதில் பெற்றோரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா அம்மா இருவரும் ஒரு நாள் வேலையை விட்டு, நான்கு பேர் பஸ் ஏறி, அங்கே சாப்பிட்டுத் திரும்பினால் எவ்வளவு ஆகும் என்று நமக்குத் தெரியும். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். குழுவில் இருக்கும் ஒருவர் மகாலை முதன்முதலாகப் பார்த்தது, வேலைக்குப் போன பிறகு சென்னையிலிருந்து வந்த நண்பருக்குச் சுற்றிக்காட்டப் போனபோதுதான்.

அன்று வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டோம்: ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் 160 பேரையும் வருஷத்துக்கு இரண்டு முறை மதுரையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பார்க்கக் கூட்டிப்போவது என்று. அதற்குத்தான் இப்போது உங்களிடம் பணம் கேட்டு நிற்கிறோம்.

கேட்பதற்கு முன்னால், முதல் தடவை நாங்கள் சொதப்பிய கதையையும் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. அந்த எட்டாம் வகுப்பையே முதலில் அழைத்துப் போனோம். தெப்பக்குளம், மகால், அப்புறம் கோவில் என்று வரிசை. கிளம்பும்போதே ஒரு மணி நேரம் தாமதம். யானைமலை தாண்டுவதற்குள் மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி. பிளாஸ்டிக் கவர் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தெப்பக்குளத்தின் கல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்துக் குதித்து ஓடினார்கள். மகாலில் தூணைக் கட்டிப்பிடிப்பதே பெரிய விளையாட்டு, எத்தனை பேர் கைகோர்த்தால் ஒரு தூணைச் சுற்ற முடியும் என்று. கால் மணி நேரத்தில் அதுவும் அலுத்துவிட்டது. “இப்ப நிக்கிறது மொத்தத்துல கால்வாசிதான். மீதியை திருமலை நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் பிரிச்சு திருச்சிக்குக் கொண்டுபோயிட்டார்” என்று எங்களில் ஒருவர், தெரிந்த ஒரே வரியைச் சொன்னார். உடனே ஒரு பெண் கேட்டாள்: “எதுலண்ணே ஏத்திட்டுப் போனாங்க?” ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தோம்.

கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 12.40. நடை சாத்திவிட்டார்கள். இனி நான்கு மணிக்குத்தான். நடை சாத்துகிற நேரம் தெரியாத மதுரைக்காரர்கள் என்று எங்களை நாங்களே திட்டிக்கொண்டோம். சித்திரை வீதியில் கிடைத்த நிழலில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். பஸ்ஸும் தயிர் சாதமும் கிடைத்தால் அந்த வயதில் எல்லாமே சந்தோஷம்தான்.

இரண்டாவது தடவை ஜூலையில், ஒன்பதாம் வகுப்பில் 22 பேர் மட்டும். செலவில்லாமல் டவுன் பஸ்ஸிலேயே கிடாரிப்பட்டி. அழகர்மலையின் அந்தப் பக்கம் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்வோமே, அந்தக் குகை. ஆடு மேய்க்கவும் சுனைத் தண்ணீர் குடிக்கவும் ஏறியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஆனால் தலைக்கு மேலே பாறையில் வெட்டியிருக்கும் எழுத்தை எத்தனை பேர் கவனித்தோம்? இந்த முறை தொல்லியல் படிக்கும் தம்பி ஒருவரைக் கூட அழைத்துப் போயிருந்தோம். எழுத்துகளைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். பாறையில் ஓர் எழுத்து, தாளில் அதே எழுத்து, அதற்கு நேராக இன்றைய தமிழ் எழுத்து என்று விரல் வைத்துப் படிக்க வைத்தார்.

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்து அது, தமிழின் பழைய எழுத்து வடிவம். சமணத் துறவிகள் தங்குவதற்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள். மதுரைப் பொன்கொல்லன் ஆதன் ஆதன், உப்பு வணிகன் வியகன், கொழு, அதாவது ஏர்முனை, விற்கிறவன் ஒருவன், அறுவை வணிகன், அதாவது துணி வியாபாரி, ஒருவன். உப்பு வணிகன் என்பது கல்லில் ‘உபு வணிகன்’ என்றுதான் இருக்கிறது. “ப் விட்டுட்டான்ணே, தமிழய்யா பாத்தா ஒரு மார்க் கட்டு” என்றான் ஒருவன். மலையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு குரல்: “அப்ப இது வசூல் நோட்டாண்ணே?”

ஆமாம், வசூல் நோட்டுதான். ராஜா தனியாகக் கட்டிக் கொடுத்ததல்ல. மதுரைக் கடைத்தெருவில் உப்பும் துணியும் விற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் செய்து கொடுத்தது. (கொடுத்த தொகையைப் பொறிக்காமல் பெயரையும் தொழிலையும் மட்டும் பொறித்த அந்த நாகரிகம் நம் கோவில் டியூப்லைட்டுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.)

மார்ச்சில் பிள்ளைகள் எதையும் பார்க்காமல் வரவில்லை. குளம், மகால், கோபுரம் எல்லாம் பார்த்தார்கள். ஆனால் கேள்வி கேட்டபோது பதில் சொல்ல ஆள் இல்லை. ஜூலையில் பார்த்தது ஒரே ஒரு பாறை. அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அடுத்தபடியாக, விவரம் தெரிந்து சொல்கிற ஒருவருக்கான சம்பளத்தையும் பட்ஜெட்டில் சேர்த்திருக்கிறோம். ‘பஸ் ஏற்றி இறக்கினால் போதாதா’ என்று கேட்பவர்கள் மார்ச் மாதத்துக் கதையை இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம்.

இனி, எங்கெங்கே போகப்போகிறோம்.

நகரத்துக்குள் போகும் வழியைத் திருத்திவிட்டோம். காலை ஏழரைக்குள் கோவில். செல்போன் உள்ளே விடமாட்டார்கள், ஆகவே ஆசிரியர்கள் போனை பஸ்ஸிலேயே வைத்துவிட வேண்டும். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள்தான். எண்ணிப் பார்க்கிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பும், எண்ணட்டும். முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் மட்டும் எல்லோரையும் நிறுத்துவதாக இருக்கிறோம். ஏனென்றால் அந்தப் பிள்ளையார் வண்டியூர்த் தெப்பக்குளம் தோண்டும்போது கிடைத்தவர் என்று சொல்வார்கள். அந்தக் குளத்து மண்ணில்தான் மகாலுக்குச் செங்கல் அறுத்தார்கள் என்றும் சொல்வார்கள். மகால் 1636-இல் கட்டியது, குளம் 1645. கோவிலில் தொடங்கி மகால் வழியாகத் தெப்பக்குளத்தில் முடித்தால் மூன்றும் ஒரே கதையாகிவிடும். மார்ச்சில் இதே மூன்று இடங்களுக்கு, கதை தெரியாமல் போய்வந்தோம்.

இரண்டாவது வழி காந்தி மியூசியமும் கீழடியும். தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம்தான் மியூசியம். 1959-இல் நேரு திறந்துவைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரையில். மேலமாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டையும் முடிந்தால் காட்ட வேண்டும். அப்புறம் கீழடி. சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் தாயக்கட்டை, தக்களி, உறைகிணற்று வளையம், பெயர் கீறிய பானை ஓடு எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. பானை ஓட்டுப் பெயர்களில் ‘ஆதன்’ என்பதும் ஒன்று. கிடாரிப்பட்டிப் பாறையில் படித்த பிள்ளைகளுக்கு அங்கே யாரும் படித்துக்காட்ட வேண்டியிருக்காது.

மூன்றாவது, மலைகள். யானைமலையை நாம் எல்லோரும் பஸ் ஜன்னலில் பார்த்தே பழகியவர்கள். அதன் அடிவாரத்தில் பாறையைக் குடைந்து எடுத்த நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோவில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770-இல் எடுப்பித்தது. வேலை முடிவதற்குள் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தார். அங்கிருந்து நேரே கீழக்குயில்குடிச் சமணர் மலை. தாமரைக் குளத்தையும் ஆலமரங்களையும் தாண்டி, செட்டிப்புடவு என்ற குகையில் இருக்கும் பெரிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தைப் பார்த்துவிட்டு, பாறையில் சமணச் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளம் வரை ஏறலாம்.

அரிட்டாபட்டிக்கு பஸ்ஸே வேண்டாம், பக்கம்தான். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று ஊரே தெருவுக்கு வந்ததும், 2025 ஜனவரியில் அது ரத்தானதும் பிள்ளைகளுக்கே தெரியும். எதைக் காப்பாற்றினோம் என்று ஒருமுறை நிதானமாகப் பார்க்கட்டும்.

இனி கணக்கு. ஒரு பயணத்துக்கு 40 பிள்ளைகள். பஸ் வாடகை டீசலோடு 9,500 ரூபாய். காலை டீ, பிஸ்கட், மதியச் சாப்பாடு, ஆசிரியர்களையும் சேர்த்து 45 பேருக்குத் தலைக்கு 90 வீதம் 4,050. விளக்கம் சொல்பவருக்கு 1,500. நுழைவுச்சீட்டு, தண்ணீர், மருந்துப்பெட்டி, (ஆமாம்) வாந்திக் கவர் எல்லாம் சேர்த்து 950. ஆக 16,000. பிள்ளைக்கு 400 ரூபாய் விழுகிறது. எட்டுப் பயணங்களுக்கு 1,28,000. இடங்களைப் பற்றி நாங்களே எழுதிய சின்னக் கையேட்டை அச்சடிக்க 12,000. மொத்தம் 1,40,000 ரூபாய். குழுவில் உள்ளவர்கள் போட்டது 41,000 கையில் இருக்கிறது. இன்னும் 99,000 வேண்டும். பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம். வாங்கினால் யார் வீட்டுப் பிள்ளை நின்றுவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: “பள்ளிக்கூடத்துக்கு காம்பவுண்டுச் சுவர் இல்ல, உங்களுக்கு ஊர் சுத்துறது ஒரு கேடாப்பா?” நியாயமான கேள்விதான். சுவருக்கு மனு கொடுத்திருக்கிறோம், அது அரசு செய்ய வேண்டியது, விடாமல் கேட்போம். சுவர் வரும் வரை காத்திருந்தால் இப்போது ஒன்பதாவது படிப்பவர்கள் பள்ளியை விட்டே போய்விடுவார்கள். இதைச் சொன்னோம். அவர் சமாதானமாகவில்லை, பணமும் இன்னும் தரவில்லை. தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு பயணத்திலும் ஆசிரியைகள் இருவர் கட்டாயம் வருவார்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே போய்ப் பார்த்த பிறகுதான் வழியையே முடிவு செய்தோம். இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுவோம். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் கையெழுத்தும் இல்லாமல் யாரையும் ஏற்றமாட்டோம்.

பணம் குழுவின் கூட்டுக் கணக்கில் இருக்கும். மூன்று பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும். கணக்கு எண் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ரசீதுப் புத்தகத்திலும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. ஒவ்வொரு பயணம் முடிந்த மறுநாளே வரவு செலவு அதே பலகையில் ஒட்டப்படும். எங்கள் குழு பதிவு செய்யப்பட்டதல்ல, ஆகவே வருமானவரி விலக்குச் சான்று தர இயலாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிளெக்ஸ் வைக்க மாட்டோம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், கொடுத்தவர் பெயரும் தொழிலும் மட்டும் வரும், தொகை வராது. எங்கிருந்து எடுத்த யோசனை என்று சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு முழுப் பயணத்தையே ஏற்றுக்கொள்ள முன்வந்தால் பெரிய உதவி. பஸ் வைத்திருப்பவர்கள் வாடகையில் குறைத்துக் கொடுத்தாலும் அதே உதவிதான். அரிசி, புளி, நல்லெண்ணெய் கொடுக்கலாம். தமிழி எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள், கோவில் சிற்பம் பற்றிச் சொல்லத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமையைக் கொடுக்கலாம்.

முதல் பயணம் காலாண்டு விடுமுறை முடிந்து வரும் இரண்டாவது சனிக்கிழமை, கோவில், மகால், தெப்பக்குளம். பஸ் ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பியாக வேண்டும். அதனால் புளியோதரைப் பொட்டலம் கட்டும் வேலை பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும். கை கொடுக்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து வாழை இலையும் ஆளுக்கு நான்கு எலுமிச்சம்பழமும் கொண்டுவாருங்கள். பழம் வாந்திக்கு.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் குழு