செவலை திரும்பி வந்த கதை

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
22.1.2025

அன்புள்ள வசந்தி,

நல்லா இருக்கியா? அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? தென்பெண்ணையில வெள்ளம் வந்து உங்க பக்கம் தண்ணி ஏறுதுன்னு கேட்டு அலறி அடிச்சுப் போன் போட்டேனே, அதுதான் கடைசி. பொங்கலுக்கு நீ அனுப்பின வாழ்த்துக்குக்கூட பதில் போடல. கோபமாத்தான் இருப்பே. காரணத்தைச் சொல்றேன், கேட்டுட்டுத் திட்டு.

எங்க வீட்டுல இப்போ அஞ்சு பூனை இருக்கு.

இந்த வரியைப் படிச்சதும் எழுந்து போய் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்திருப்பே. பூனை குறுக்கே போச்சுன்னு பரீட்சை அன்னைக்குப் பாதி வழியில வீட்டுக்குத் திரும்பினவளாச்சே நீ. பரவாயில்ல, உட்கார்ந்து மீதியையும் படி. உனக்கும் இதுல வேலை இருக்கு.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறி, ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு இல்லையா, அந்த மழையில வந்தவ, இதுங்கள்ல தாய்ப்பூனை. மாடிப்படிக்கு அடியில, மோட்டார் மேல ஏறி உட்கார்ந்திருந்தா. கறுப்பு, செவப்பு, வெள்ளைன்னு மூணு நிறமும் கலந்த உடம்பு, முதுகெலும்பு தெரியுது, வயிறு மட்டும் பானை மாதிரி. துண்டைப் போட்டுத் தூக்கிட்டு வந்து பின்கட்டு அறையில விட்டேன். டிசம்பர் 5 விடியற்காலை, பழைய புடவை போட்டு வச்சிருந்த அட்டைப்பெட்டியில நாலு குட்டி போட்டா. ஒவ்வொண்ணும் 100 கிராம்கூட இல்ல. செவலை, கரியன், புள்ளி, சுண்டு. தாய்க்காரிக்குன்னு தனியா பேர் எதுவும் வைக்கல, தாய்க்காரிதான்.

முதல் மூணு வாரம் எனக்கு ஒரு வேலையும் இல்ல. எல்லாம் அவளே பார்த்துக்கிட்டா. குட்டிங்களுக்குத் தானா மூத்திரம்கூடப் போகத் தெரியாதுடி. தாய் அடிவயித்தை நக்கி நக்கி விட்டாத்தான் போகும், அதையும் அவளே நக்கிச் சுத்தம் பண்ணிடுவா. பெட்டியில ஒரு துளி நாத்தம் கிடையாது. பத்தாம் நாள் வாக்குல கண்ணைத் திறந்துச்சுங்க, நாலுக்கும் நீலக்கண்ணு. நான் அவளுக்கு மூணு ஆள் சாப்பாடு போட்டேன், அவ்வளவுதான்.

நாலாவது வாரத்துலதான் ஆட்டம் ஆரம்பிச்சுது. குட்டிங்களுக்கு ஊசி மாதிரி பல்லு முளைச்சுருச்சு. பால் குடிக்க வந்தா தாய்க்காரி வயித்தைத் தரையில அமுக்கிப் படுத்துக்கிறா. விடாம முட்டினா முன்னங்காலால தலையில ஒரு தட்டு. அப்புறம் பீரோ மேல ஏறி உட்கார்ந்துட்டு, கீழ நாலும் கத்துறதை வேடிக்கை பார்க்கிறா. எனக்கு வயித்தைக் கலக்குச்சு, பெத்தவளே வெறுத்துட்டாளோன்னு. டாக்டரம்மாகிட்ட கேட்டா, ‘அவ சரியாத்தான் செய்றா, இனிமே உங்க வேலை’ன்னுட்டாங்க.

பூனைக்குட்டித் தீனியை வெந்நீர்ல ஊறவச்சு, கூழா மசிச்சு, விரல்ல தொட்டு உதட்டுல தடவணும். முதல் நாள் புள்ளி மட்டும் நக்கினா. கரியன் தட்டுக்குள்ளயே இறங்கி நடந்து, நாலு காலும் கூழாகி, அந்தக் காலோட என் மடியில ஏறினான். சுண்டு மூக்கை முக்கி எடுத்துட்டுத் தும்மிக்கிட்டே நின்னா. நெய்வேலி டூர்ல சாம்பார் வாளிகிட்ட நீ நின்ன மாதிரியே. தாய்க்காரிக்கு முதல்ல தனியா வயிறார வைக்கணும், இல்லேன்னா குட்டித் தட்டை அவளே வழிச்சு நக்கிடுவா. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காம கோழிக்கறியை வேகவச்சு, நார் நாராப் பிச்சும் கொடுத்தேன். பசும்பால் மட்டும் ஆகாது. பூனைன்னா பால்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம், ஆனா குட்டிக்கு அது செரிக்காது, வயித்தால போயிடும். தினமும் காலையில ஒவ்வொண்ணா பிளாஸ்டிக் டப்பாவுல உட்காரவச்சுத் தராசுல நிறுத்தி, பால் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல எழுதிக்கிட்டு வரேன். நாளைக்குப் பத்துப் பதினஞ்சு கிராமாவது ஏறணும்.

இப்போ நான் பண்ணின தப்பைச் சொல்றேன். இவர்கிட்டகூட இதை முழுசாச் சொல்லல.

பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா. செவலையைப் பார்த்த நாள்லேர்ந்து, ‘எனக்குத்தான், எனக்குத்தான்’னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எட்டு வாரம் ஆகட்டும்னு சொன்னேன். ‘பால் மறக்காத குட்டியைக் கொண்டு போனாத்தான் வீட்டோட ஒட்டும், நாங்க பார்க்காத பூனையா’ன்னாங்க. ஜனவரி 9, குட்டிக்கு அஞ்சே வாரம். பேத்திக்குப் பொறந்தநாள்னு கூடையோட வந்து நின்னாங்க. கூட அந்தக் குழந்தையும். வேண்டாங்கற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு வசந்தி. வெளியில வரல. தூக்கிக் கொடுத்துட்டேன். அன்னைக்குக் காலையில அவன் 480 கிராம்.

ராத்திரி பூரா தாய்க்காரி அறை அறையாத் தேடினா. குட்டியைக் கூப்பிட அவளுக்குன்னு ஒரு குரல் இருக்கு, தொண்டைக்குள்ளயே ‘ப்ர்ர்ங்’னு உருட்டுவா. ஒரு பல்லியை உயிரோட கவ்விட்டு வந்து குட்டிங்க முன்னாடி போடுறப்பகூட அப்படித்தான் கூப்பிடுவா. அந்தக் குரல்ல கூப்பிட்டுக்கிட்டே கட்டிலுக்கு அடியில, அரிசி டப்பாவுக்குப் பின்னாடி, துவைக்கிற கல்லு வரைக்கும் போனா. பால் கொடுக்க மாட்டேன்னு அடிச்சவதான் அவ. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அடிச்சது பாலுக்காக, குட்டி வேண்டாம்னு இல்ல. கூட இருந்துதான் அதுங்க மத்ததையெல்லாம் கத்துக்குதுங்க. கடிச்சு விளையாடறப்போ எவ்வளவு அழுத்திக் கடிக்கலாங்கறதைக்கூட, கூடப் பிறந்ததுங்க கத்தினாத்தானே தெரியும்.

போகி அன்னைக்குக் காலையில அந்த அக்கா கூடையோட வந்தாங்க. மூணு ராத்திரி கத்தித் தீர்த்திருக்கான். பசும்பாலும் பால்சோறும் கொடுத்திருக்காங்க. பின்பக்கமெல்லாம் ஈரமா ஒட்டிப்போய், கண்ணு உள்ள போய்க் கிடந்தான். பிடரித் தோலைப் பிடிச்சு விட்டா, பிடிச்சபடியே நிக்குது, கீழ இறங்கல. தராசுல வச்சேன். 410. அவங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்யதை இருக்கு? அவங்களும் அழுதாங்க. டாக்டரம்மா தோலுக்கு அடியில சலைன் ஏத்தி, மருந்து கொடுத்து, கதகதப்பா வச்சுக்கச் சொன்னாங்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா கஷ்டம்னாங்க.

வீட்டுக்கு வந்து தாய்க்காரி பக்கத்துல விட்டேன். அவளோ முதுகை வில்லா வளைச்சு அவன் மேலயே சீறினா. வேற வீட்டு வாசம், மருந்து வாசம். பெத்தவளுக்கு அடையாளம் தெரியல. அவன் அப்படியே தரையோட ஒடுங்கினதை இப்போ நினைச்சாலும் என்னவோ பண்ணுது. அவ படுக்கிற துணியால அவனைத் தலையிலேர்ந்து வால் வரைக்கும் துடைச்சு, அதே துணியில சுத்தி, தனி அறையில வச்சேன். நடுவுல கதவு. மறுநாள் ஊரெல்லாம் பொங்கல் வைக்கிறாங்க, நான் வெந்நீர் பாட்டில் மாத்திக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு ராத்திரி கதவைக் கொஞ்சமா திறந்து வச்சேன். வந்தா. மோந்தா. ஒரு தடவை சீறினா. மறுபடி மோந்தா. அப்புறம் காதுக்குள்ள நக்க ஆரம்பிச்சா. நான் கதவுக்குப் பின்னாடி உட்கார்ந்து அழுதேன்.

இன்னைக்குக் காலையில அவன் 560. மத்தது மூணும் 650-ஐத் தாண்டிடுச்சு. சாப்பிடறான், விளையாடறான். ஆனா தூங்கறதுக்கு முன்னாடி என் நைட்டியை வாயில வச்சு உறிஞ்சறான், மாவு பிசையற மாதிரி கால் ரெண்டையும் மாத்தி மாத்தி அழுத்திக்கிட்டு. வேற எந்தக் குட்டியும் இப்படிச் செய்யல. அந்த நாலு நாளு அவனுக்குள்ள எங்கேயோ இருக்கு.

ஜனவரி 30-க்கு எட்டு வாரம் ஆகுது, அன்னைக்கு முதல் தடுப்பூசி. தாய்க்காரியை வெளியில விடறதே இல்ல. வாசல்ல ஒரு கடுவன் சுத்துது, பால் கொடுக்கிறப்பவே மறுபடி சினை பிடிக்குமாம். பால் வத்தினதும் அவளுக்குக் கருத்தடை, குரும்பாபேட் கால்நடைக் கல்லூரியில விசாரிச்சு வச்சிருக்கேன். அப்புறம் அவ எங்கேயும் போகல, இங்கேதான். கரியனையும் சுண்டுவையும் எங்க அண்ணி ஜோடியாக் கேட்டிருக்காங்க.

செவலையும் புள்ளியும் உனக்கு.

உடனே மாட்டேன்னு சொல்லாதே. ஒத்தையா அவனை இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன், அக்காவோ தங்கச்சியோ, புள்ளி கூட இருந்தாத்தான் தைரியமா இருக்கான். உன் வீட்டுல மாடி இருக்கு, அம்மா நாள் பூரா வீட்டுல இருக்காங்க, உனக்குப் பொறுமை இருக்கு. பிப்ரவரி 11 தைப்பூசத்துக்கு எப்படியும் வடலூர் போவே. ஜோதி பார்த்துட்டு மறுநாள் இங்கே வா. அதுக்குள்ள பத்து வாரம் ஆயிடும். நாலு நாள் என்கூட இருந்து பழகு, பிடிக்கலேன்னா வெறுங்கையோட போ, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

தம்பி வெள்ளிக்கிழமை ஜிப்மருக்கு வருவான் இல்ல? அவன்கிட்ட நீ கட்டின பருத்திப் புடவை ஒண்ணு கொடுத்து அனுப்பு. பெட்டியில விரிச்சுடறேன், நீ வர்றதுக்குள்ள உன் வாசம் ரெண்டுக்கும் பழகிடும். துவைக்காம அனுப்பு.

உன்,
கலா