ஈரத் துணியால் துடை

காட்பாடி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ரசக் கிண்ணங்கள் ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தன. கையில் ஏந்தினால் உள்ளங்கையில் பாந்தமாக அமர்கின்றன. புளி பட்டும் நிறம் மங்கவில்லை. ஈயம் சேராத கிளேஸ், அதாவது பளபளப்பு மேற்பூச்சு, என்று நீ எழுதியிருந்ததைப் பக்கத்து வீட்டாருக்குப் படித்துக் காட்டினேன். நம் பக்கத்துக் கரிகிரி மண்கலங்களைப் பார்த்து வளர்ந்த பெண், இந்த மட்பாண்டத் தொழிலைப் புதுச்சேரிக்குப் போய்க் கற்க வேண்டியிருந்ததே என்று உன் அப்பா இன்னும் குறைப்படுகிறார். எனக்கு அந்தக் குறை இல்லை. விளிம்பை மட்டும் இன்னும் மெல்லியதாக இழு. இப்போதுள்ள கனத்தில் ரசம் தாடையில் வழிகிறது.

சூளையில் 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸ் என்ற படிகக் கல் சட்டென்று விரியும், ஆறும்போது அதே வெப்பத்தில் சுருங்கும், அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் பாத்திரம் விரிசல் விடும் என்று எழுதியிருந்தாய். பாத்திரத்துக்கு இவ்வளவு பார்க்கிறாய். அதே குவார்ட்ஸ்தான் உன் களிமண்ணிலும், கிளேஸுக்கு நீ அளந்து கொட்டும் பொடியிலும் இருக்கிறது. ஈரமாக உள்ளவரை அதனால் தீங்கில்லை, காய்ந்து தூசியாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். ஆகவே பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத் துணியால் துடை. காய்ந்த கலத்தை உப்புத்தாளால் தேய்க்காமல் ஈரப் பஞ்சால் வழித்துவிடு. பொடி கலக்கும்போது துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொள்வது போதாது. என்95 முகக்கவசம் அணிய வேண்டும். வேலை உடுப்போடு படுக்கை அறைக்குள் போகாதே.

கல்குவாரிக்குப் போய்க்கொண்டிருந்த உன் பெரிய மாமாவின் கடைசிக் காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். சென்ற முறை பேசியபோது இடையிடையே நிறுத்தினாய். கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். அதன்பின் அழைக்கவில்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்றுதான் உன் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்காக அடுத்த மாதம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனக்குத் துணை தேவை, நீ வா. அங்கே காத்திருக்கும் நேரத்தில் உனக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடலாம். சூளை எரிக்கும் நாளைக் காரணம் காட்டாதே, தள்ளி வைத்துவிட்டு வா. அதுவரை பெருக்காதே, துடை.

அன்புடன்,
அம்மா