பறவைகள் குவியும் நாள் அவற்றுக்கு நல்ல நாள் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோரச் சிறுதீவு ஒன்றில் கண்ட இளவேனில் வலசையைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். மழையும் மூடுபனியும் சூழ்ந்த ஒரு காலையில், புதர்தோறும் கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் நிறைந்திருந்ததைத் தமக்குக் கிடைத்த பேறு என்கிறார் கட்டுரையாளர். அத்தகைய தீவில் பல இளவேனில்களைக் கழித்தவன் என்பதால் அந்தப் பரவசத்தை நானும் அறிவேன். ஆனால், பறவைகளுக்கு அது இடர் மிகுந்த காலை என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது பெருங்குறையாகப் பட்டது.

சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. வானம் தெளிந்து, காற்றும் பின்னிருந்து துணைசெய்தால், அவை தீவில் இறங்காமல் உயரத்திலேயே கடந்து நிலப்பகுதிக்குப் போய்விடும். "இன்று ஒன்றும் வரவில்லை" என்று நாம் குறிப்பேட்டில் எழுதும் நாள்தான் பல வேளைகளில் அவற்றுக்கு நல்ல நாள். மெக்சிகோ வளைகுடாவின் வடகரையை ஒட்டிய டாஃபின் தீவில் இதைத் தெளிவாகக் காணலாம். வளைகுடாவின் தென்புறம் உள்ள யுகட்டான் தீபகற்பத்தில் அந்தி சாய்ந்ததும் கிளம்பும் பறவைகள், ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீர்ப்பரப்பை எங்கும் இறங்காமல் கடந்து, மறுநாள் பகலில் கரை சேர்கின்றன. வழியில் வாடைக்காற்றும் மழையும் எதிர்ப்பட்டால், சேர்த்துவைத்த கொழுப்பு கரைந்துபோய், கண்ணில் பட்ட முதல் மரத்திலேயே விழுவதுபோல் இறங்குகின்றன. கரையை எட்டாமல் கடலில் மாய்பவையும் உண்டு. சுமார் 3 கிராம் எடையுள்ள செந்தொண்டை ஹம்மிங் பறவைகூட, புறப்படுமுன் தன் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொண்டு இதே கடலைத் தாண்டுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது.

அந்த நிலையில் வந்திறங்கிய பறவையைப் புதருக்குள் புகுந்து பின்தொடர்ந்து படமெடுத்ததாகக் கட்டுரையில் வரும் பகுதி என்னை வருத்தியது. நாம் கலைக்கும் ஒவ்வொரு முறையும் அது இரை தேட வேண்டிய நேரத்தையும் எஞ்சிய வலுவையும் இழக்கிறது. பத்தடி தள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தால், பசித்த குருவி தானே நம்முன் வந்து புழு பொறுக்கும். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

விளக்கொளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடகடலில் உள்ள ஹெல்கோலாந்து தீவில் 19-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 50 ஆண்டுகள் பறவைகளைக் கவனித்த ஹைன்ரிக் கேட்கே, இருண்ட இரவுகளில் கலங்கரை விளக்கத்தைப் பறவைகள் மொய்த்ததை விரிவாக எழுதியிருக்கிறார். மேகம் கவிந்த இரவில் ஒளி அவற்றைத் திசைமாற்றி இழுக்கும்; அவை ஒளியைச் சுற்றியே களைத்துப் போகும், கண்ணாடியில் மோதி இறக்கும். எனவே, வலசைப் பருவத்தில் தீவின் விடுதிகளும் படகுத்துறைகளும் தேவையற்ற விளக்குகளை அணைத்துவைப்பது பெரிய உதவி.

இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, பறவைகளின் எண்ணிக்கையோடு, முந்தைய இரவின் காற்றுத் திசை, மேகமூட்டம், மழை ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்