வீடற்றோர் கணக்கில் விடுபடுவோர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடற்றோரை ஓர் இரவில் தெருத்தெருவாகச் சென்று எண்ணி, பின்னர் ஒற்றை எண்ணாக அறிவிக்கும் முறை பல நாடுகளில் இருந்துவருகிறது. அத்தகைய கணக்கெடுப்பில் தன்னார்வலனாக இரண்டு முறை பங்கேற்றவன் என்ற முறையில், அந்த எண்ணை எவ்வாறு படிக்க வேண்டும் என்பது குறித்து எழுத விரும்புகிறேன்.

முதல் முறை எங்கள் குழுவுக்குத் தரப்பட்ட அறிவுரை, திறந்த வெளியில் படுத்திருப்பவர்களை எண்ணுங்கள் என்பதுதான். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு பேருந்து நிலையத்துக்குள் சென்றோம். வயதான பெண் ஒருவர் மடியில் பையை வைத்துக்கொண்டு, அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களோடு வந்தவர்களில் ஒருவர் முன்பு சில ஆண்டுகள் தெருவில் வாழ்ந்தவர். "அந்த அம்மா எந்த பஸ்ஸிலும் ஏறப்போவதில்லை. படுத்தால் எழுப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்" என்று அவர் சொன்ன பிறகே எங்களுக்கு விளங்கியது. ஆனால் அறிவுரையின்படி அந்த அம்மா கணக்கில் வரவில்லை. தெருவில் இரவைக் கழிக்கும் பெண்களுக்கு யார் கண்ணிலும் படாமல் இருப்பதே பாதுகாப்பு என்பதால், எண்ண வருபவர் கண்ணிலும் அவர்கள் படுவதில்லை. பெண்களின் எண்ணிக்கை குறைவாக வரும்போது அதை அப்படியே நம்ப என்னால் முடியாததற்கு இதுவே காரணம்.

யாரை வீடற்றவர் என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தும் எண் மாறிவிடுகிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தின் கடைசிப் பத்து நாள்களில் ஓர் இரவைத் தேர்ந்து எண்ணுகிறார்கள். 2023-இல் 6,53,104 ஆக இருந்த அந்தக் கணக்கு 2024-இல் 7,71,480 ஆக உயர்ந்தது. வீட்டை இழந்து உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஒண்டியிருப்பவர்கள் இதில் சேர்க்கப்படுவதில்லை. அதே நாட்டின் கல்வித் துறை அவ்வாறு ஒண்டியிருக்கும் குழந்தைகளையும் சேர்த்துக் கொள்வதால், ஒரு கல்வியாண்டில் அது கண்டறியும் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டுகிறார்கள். ஓர் இரவின் கணக்கும் ஓர் ஆண்டின் கணக்கும் வேறுவேறு என்பதையும் இங்கே மறக்கக் கூடாது.

நம் நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28 இரவில் வீடற்றோர் எண்ணப்பட்டனர். நடைபாதை, மேம்பாலத்தின் அடி, பெரிய குழாய்களின் உள்ளே, வழிபாட்டு இடங்களின் திறந்த வெளி, ரயில் நிலைய நடைமேடை ஆகியவற்றில் வாழ்வோர் அதில் அடங்குவர். 2001-இல் 19.43 லட்சமாக இருந்த எண்ணிக்கை 17.73 லட்சமாகக் குறைந்தது. ஆனால் நகர்ப்புறத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாகக் கூடியிருந்தது. மொத்த எண்ணை மட்டும் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. நகர்ப்புறங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் என்பது அரசு வகுத்துள்ள அளவு. மக்கள்தொகையை வைத்துப் போடப்படும் அந்தக் கணக்கு, ஒரு குறிப்பிட்ட பகுதியில் எத்தனை பேர் உண்மையில் வெளியே படுக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. அதற்கு அந்தந்த ஊரின் சொந்தக் கணக்கெடுப்புதான் வேண்டும்.

குறைகள் இருப்பதால் கணக்கெடுப்பையே கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. விடுபட்டவர்கள் எவ்வளவு பேர் என்பதை மதிப்பிடவும் வழி உண்டு. நியூயார்க் நகரில் சிலரை வீடற்றவர்களைப் போல ஆங்காங்கே இருக்கச் செய்து, எண்ணச் செல்லும் குழுக்கள் அவர்களில் எத்தனை பேரைத் தவறவிடுகின்றன என்று பார்க்கிறார்கள். தவறவிட்ட விகிதத்தைக் கொண்டு மொத்தக் கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள். செலவு அதிகம் பிடிக்காத, நேர்மையான ஏற்பாடு இது.

இரண்டாவது முறை நான் சென்றபோது எங்கள் குழுவுடன் சீருடையில் காவலர்கள் வந்தார்கள். எங்கள் பாதுகாப்புக்காகத்தான் வந்தார்கள் என்றாலும், தொலைவிலேயே அவர்களைக் கண்டு, அப்புறப்படுத்த வருகிறார்கள் என்று எண்ணிப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு இருட்டுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் படிவமும் பதிவுசெய்யவில்லை. அன்று குறைவாக வந்த எண்ணைப் பின்னர் முன்னேற்றம் என்று சொல்லக் கேட்டபோது மிகவும் வேதனைப்பட்டேன்.

ஆகவே, கணக்கெடுப்பை நடத்துவோரிடம் நான் வேண்டுவது இவைதான். தெருவில் வாழ்ந்து அனுபவப்பட்டவர்களை ஊதியம் கொடுத்து ஒவ்வொரு குழுவிலும் சேர்க்க வேண்டும். பெயரோ அடையாள அட்டையோ கேட்காமல் எண்ண வேண்டும். முடிவை வெளியிடும்போது, எந்த நேரத்தில் எண்ணினோம், எந்தெந்த இடங்களுக்குப் போகவில்லை, யாரை வீடற்றவர் என்று கொண்டோம் என்பவற்றையும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். தங்கள் நாளிதழும் இத்தகைய செய்திகளை வெளியிடும்போது இந்த விவரங்களைக் கேட்டுப் பெற்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கெடுப்பில் பங்கேற்ற தன்னார்வலன்