பேராயருக்கும் குருமார் அவைக்கும்: தடையை நீக்குங்கள், எங்கள் போதகர் ஜெபிக்கட்டும்

மதிப்பிற்குரிய பேராயர் அவர்களுக்கும் குருமார் அவையின் ஐயர்மார் அனைவருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம்.

சுற்றறிக்கையின் விவரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எழுதியவர்களே நீங்கள்தான். பல சமயத்தார் கூடும் இடத்தில் கடவுளை எந்தப் பெயரால் விளிப்பது, ஜெபத்தை எப்படி முடிப்பது என்று தீர்மானம் ஆகும்வரை போதகர்கள் அப்படிப்பட்ட கூட்டங்களில் ஜெபிக்க வேண்டாம் என்றீர்கள். அதன்பின் இரண்டு முறை கூடினீர்கள். முடிவு வரவில்லை, டிசம்பர் 26 வந்துவிட்டது.

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்துக் கடற்கரை. 2004இல் சுனாமி வந்த அந்த 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குப் போயிருந்த நாங்கள் பிழைத்தோம். கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்களும் மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் போனார்கள். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் போனார்கள். கோவிலுக்குள் இருந்ததால் உயிரோடிருக்கிறோம் என்கிற நினைப்பு அன்றிலிருந்து எங்கள் சபையாருக்குள் ஒரு கடனாகவே கிடக்கிறது. அடுத்த வருடமே கரையில் எல்லாரும் சேர்ந்து நின்று வேண்டுவது என்று ஊர் கூடி முடிவு செய்தது. மாரியம்மன் கோவில் பூசாரி விளக்கேற்றுவார். பள்ளிவாசல் இமாம் துஆ செய்வார். கடைசியில் எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். பெயர் வாசிக்கும் பொறுப்பு எப்படியோ எங்கள் ஐயருக்கு வந்தது, பிறகு அதுவே வழக்கமானது. போதகர்கள் மாறினார்கள், பட்டியல் மட்டும் கைமாறிக்கொண்டே வந்தது.

கடந்த டிசம்பரிலும் ஐயர் வந்தார். அங்கி போடாமல் வந்தார். முறை வந்தபோது பட்டியலை என் கையில் கொடுத்து, "நீங்க வாசிங்க டீச்சர், எனக்கு உத்தரவில்லை" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இளவயதுக்காரர், மேலிடத்துக்குக் கட்டுப்பட்டவர், சொல்லும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். நான் வாசித்தேன். அந்தப் பட்டியலில் உள்ள பிள்ளைகளில் பலருக்கு மூன்றாம் வகுப்பில் நான்தான் வருகைப்பதிவு எடுத்தவள். அதே பெயர்களைத் திரும்ப ஒருமுறை கூப்பிட்டேன். வாசித்து முடித்த பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கூட்டம் அப்படியே நின்றது. முன்வரிசையில் நின்ற ஒரு தாய், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள், என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"பேரு வாசிச்சிட்டீங்க டீச்சரம்மா. சாமிகிட்ட யாரு சொல்றது?"

நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவளாகவே என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கொண்டுவந்திருந்த பாலைக் கடலில் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

ஐயர்மாரே, இத்தனை வருடங்களாக அவள் எங்கள் ஜெபத்துக்குத் தலைகுனிந்து நின்றிருக்கிறாள். முன்பிருந்த போதகர்கள் எல்லாரும் "ஆண்டவரே" என்று தொடங்கி, "இயேசு கிறிஸ்துவின் மூலமாய்" என்று முடித்தார்கள். முடிந்ததும் அவளும் "ஆமென்" சொல்வாள். அவள் மதம் மாறவில்லை, மாறச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. இயேசுவின் பெயரைச் சொன்னால் பிறசமயத்தார் மனம் புண்படும் என்று உங்களில் ஒரு சாரார் சொல்கிறீர்கள். அவளிடம் கேட்டீர்களா? இயேசுவின் பெயரை அழுத்திச் சொல்லாவிட்டால் அது ஜெபமே ஆகாது என்று இன்னொரு சாரார் சொல்கிறீர்கள். அவளை ஜெபமே இல்லாமல் அனுப்பினோமே, அது மட்டும் எப்படிச் சரியாகும்? தடையை நீக்குங்கள். எங்கள் போதகர் ஜெபிக்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

கடவுளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற கேள்வி தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இன்று முளைத்ததில்லை. என்ரீக்கே என்ரீக்கஸ் அடிகள் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சிட்ட முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே கடவுள் 'தம்பிரான்'. தம்பிரான் என்றால் அன்றைக்கும் இன்றைக்கும் சைவ மடத்துச் சொல். 1606இல் மதுரைக்கு வந்த கத்தோலிக்கக் குரு தே நோபிலி 'சருவேசுரன்' என்றார். ஈசுவரன் உள்ளே இருக்கிறார் என்று பயந்து அவர் அதை விடவில்லை. 1706இல் எங்கள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்கு, கத்தோலிக்கர் வழங்கிய அதே சருவேசுரனை எடுத்துக்கொண்டார். எதிர்ச் சபைக்காரர் சொல் என்று தள்ளவில்லை. பிறகு வேதாகமத்தைத் தமிழாக்கிய பப்ரிசியஸ் ஐயர் 'பராபரன்' என்றார். 1871இல் வந்து இன்றும் நம் மடியில் இருக்கும் வேதாகமம் 'தேவன்' என்றது. தேவன் என்றால் தேவர்களில் ஒருவன் என்றல்லவா இந்துக்கள் எண்ணுவார்கள் என்ற ஆட்சேபமும் அந்தக் காலத்திலேயே உண்டு. பின்வந்த திருத்தம் 'கடவுள்' என்றது, நம் சபையார் அதற்கு மாறவில்லை. 1995இல் கத்தோலிக்கரும் நம்மவரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பிலும் கடவுள்தான். தம்பிரான், சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று இத்தனை பெயர் மாறியும் நம் விசுவாசம் அழியவில்லை. இத்தனைக்கும் இவற்றில் ஒன்றுகூட நாம் உண்டாக்கிய சொல் இல்லை. எல்லாமே அக்கம்பக்கத்து வீடுகளில் வாங்கியவை.

பராபரனைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், மன்னியுங்கள். நம் பழைய கீர்த்தனைகளில் அந்தப் பெயர் வரும்போது பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். சைவரான தாயுமானவர் கண்ணிக்குக் கண்ணி 'பராபரமே' என்று முடித்தார். அவருக்குப் பின் வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு என்ற முஸ்லிம் ஞானியும் பராபரக்கண்ணி பாடினார். மூன்று சமயத்தாரும் ஒரே பெயரைச் சொல்லிக் கண்ணீர் விட்ட ஊர் இது. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பாடத்தக்க கீர்த்தனைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அந்த மாயூரம், நாங்கள் மாயவரம் என்போம், எங்களுக்குப் பேருந்தில் போய்வரும் தூரம். இவர்கள் யாரும் ஒரு குழுவின் அனுமதிக்குக் காத்திருந்து பாடியதாக நான் படித்ததில்லை.

நீங்கள் என்னைவிட அதிகம் வேதம் படித்தவர்கள். இருந்தாலும் ஓய்வுநாள் பள்ளியில் பல வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் என்ற உரிமையில் இரண்டு காரியம் கேட்கிறேன். பவுல் அத்தேனே பட்டணத்தில் அறியப்படாத தேவனுக்கு என்று எழுதியிருந்த பலிபீடத்தைக் கண்டு, அதிலிருந்துதானே பேச்சைத் தொடங்கினார்? அந்த ஊர்ப் புலவர்களின் வாக்கையே எடுத்துச் சொன்னாரே. இரண்டாவது, கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபம். "எங்கள் பிதாவே" என்று தொடங்கும் அதில் எந்த இடத்தில் இயேசுவின் பெயர் வருகிறது? தம் பெயரைச் சொல்லாமலே ஜெபிக்க அவரே சொல்லித் தந்திருக்கிறார். வேறு எதுவும் கூடாது என்றாலும் அதையாவது சொல்ல எங்கள் ஐயருக்கு உத்தரவு இருந்திருந்தால், அந்தத் தாய் வெறுங்கையோடு போயிருக்க மாட்டாள்.

பயப்படுகிறவர்களின் பயமும் எனக்குப் புரியும். இயேசுவின் பெயருக்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நம் சபையில் இருக்கிறார்கள். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். பொதுமேடைக்கென்று அந்தப் பெயரை விழுங்கிவிடு என்று சொன்னால் எனக்கும் நெஞ்சு பொறுக்காது. ஆகையால் பெயரை எடுத்துவிடச் சொல்லி நான் எழுதவில்லை. எல்லாரும் தலைகுனியக்கூடிய 'ஆண்டவரே' என்ற சொல்லில் தொடங்கட்டும். ஆண்டவன் என்று இந்துவும் சொல்கிறார், முஸ்லிமும் சொல்கிறார், அது நம் வாயிலும் இருக்கிறது. முடிக்கும் விதத்தை அங்கே நிற்கும் போதகரின் மனச்சாட்சிக்கு விடுங்கள். யார் முன்னால் நிற்கிறோம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மலேசியாவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மலாய் மொழிக் கிறிஸ்தவப் பதிப்புகளில் 'அல்லாஹ்' என்ற சொல் கூடாது என்று அந்நாட்டு உள்துறை 1986இல் உத்தரவிட்டது. சரவாக்கைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணிடமிருந்து 2008இல் விமான நிலையத்தில் 8 குறுந்தகடுகளைப் பறித்தார்கள். அவர் விடாமல் வழக்காடினார். 2021 மார்ச்சில்தான் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. கடவுளைத் தம் மொழியில் தமக்குப் பழகிய பெயரால் கூப்பிட விடவில்லையே என்று அவர்களுக்காக நாம் வருந்தினோம். அங்கே தடுத்தது அரசாங்கம். இங்கே தடுப்பது நீங்கள். அதுதான் வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடக்கிவைத்தால் எனக்கு உறக்கம் வராது. கிறிஸ்துமஸ் காலத்தில் எல்லாக் கட்சிக்காரரும் ஏறுகிற மேடைகளில் நம் குருமார் கேக் வெட்டி, தலைவர்களின் நலனுக்காக உரத்து ஜெபிக்கிறார்கள். அந்த மேடைகளில் இந்தப் பெயர்ச் சிக்கல் எழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. திருச்சபைத் தேர்தல் என்றால் இரவு பகல் பாராமல் கூடுகிறீர்கள். சொத்து வழக்கென்றால் அடுத்த நாளே வக்கீல் வருகிறார். ஒரே ஆண்டவரை ஒரே பெயரால் கூப்பிடும் கிறிஸ்தவர்கள், செத்த பிறகும் சாதி பார்த்துத் தனித்தனிக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்படும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அதை நிறுத்தச் சொல்லி இதே வேகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தால் நான் மண்டியிட்டு நன்றி சொல்லியிருப்பேன். கடலோரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நடுவில் நிற்கும் போதகரின் வாயைக் கட்டுவதற்குத்தானா இவ்வளவு அவசரம்?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வயதையும், சபையில் நான் பிறந்து வளர்ந்ததையும் எண்ணி மன்னியுங்கள். நீங்கள் தீர்மானிக்க வேண்டிய இறையியல் கேள்விகள் பல இருக்கலாம். அவற்றை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் பேசுங்கள், கேட்க எனக்கும் ஆவல்தான். அது முடியும்வரை தடை மட்டும் வேண்டாம். அடுத்த டிசம்பர் 26க்கு முன், தயவுசெய்து, தடையை நீக்குங்கள். எங்கள் போதகர் ஜெபிக்கட்டும்.

பெயர்ப் பட்டியல் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. ஓரம் கிழிந்துவிட்டது, புதிதாக எழுதிவைத்திருக்கிறேன். அதை ஐயரிடம் திருப்பிக் கொடுக்க உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள சபை அங்கத்தினர்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி